சித்திரக்கதைக்கு டிஜிட்டலில் நிறம் தீட்டுதல்: திருகோணமலையில் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கறுப்புக் கோட்டில் வரைந்து முடித்த சித்திரக்கதைப் பக்கத்துக்குக் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ நிறம் கொடுப்பதைப் பொழுதுபோக்காகக் கற்க விரும்புகிறவர்களுக்கான பக்கம் இது. பாடசாலைப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்களும் கேட்கிறார்கள். உதாரணங்களை நம் ஊரிலிருந்தே எடுத்திருக்கிறேன். நிறத்தைப் படிப்பதற்குத் திருகோணமலையைப் போல வசதியான ஊர் அரிது என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்கு வரையத் தெரியாது. நிறம் தீட்ட மட்டும் கற்கலாமா?

தாராளமாகக் கற்கலாம். அமெரிக்கச் சித்திரக்கதைத் துறையில் பென்சிலால் வரைபவர், மையிடுபவர், நிறம் தீட்டுபவர், எழுத்து எழுதுபவர் என்று ஆட்கள் பெரும்பாலும் தனித்தனி. அங்கு வழங்கப்படும் ஐஸ்னர் விருதில் நிறம் தீட்டுபவருக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆகவே இதை வரைதலின் எடுபிடி வேலை என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் உருவத்தைப் பற்றிய அறிவு இல்லாமல் தப்ப முடியாது. கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது, சட்டை எங்கே மடிகிறது என்று தெரியாதவர் நிழலை எங்கே வைப்பார்? கோடு போட வராவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கோளத்திலும் ஒரு பெட்டியிலும் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதைப் பென்சிலால் நிழலிட்டுப் பழகுங்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரப் பாடம் எடுத்தவர்களுக்கு இது ஏற்கனவே கையில் இருக்கும்.

கணினி கட்டாயமா? கைத்தொலைபேசி போதாதா?

தொடங்குவதற்குப் போதும். ஐபிஸ்பெயின்ட், மெடிபாங் போன்ற செயலிகள் கைத்தொலைபேசியில் இயங்குகின்றன. நிறங்களின் சேர்க்கையைப் பழக அது தாராளம். முழுப் பக்கம் என்று வரும்போதுதான் சிரமம் தெரியும். ஏ4 தாளை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 4960க்கு 7016 பிக்சல் வரும். அதன்மேல் பத்து லேயர் (கண்ணாடித்தாள் போல ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) போட்டால் சிறிய கருவிகள் திணறும். 8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி இதைச் சமாளிக்கும்.

வரைபலகை (கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் கருவி) வாங்கிய பிறகுதான் தொடங்குவேன் என்று காத்திருக்க வேண்டாம். அடிப்படை நிறங்களை நிரப்பும் வேலைக்கு மவுஸே போதும். சில மாதங்கள் கழிந்தும் ஆர்வம் குறையவில்லையென்றால் திரையில்லாத சிறிய வரைபலகை ஒன்றை வாங்குங்கள். வாகொம், ஹுயோன், எக்ஸ்பி-பென் என்று பல இருக்கின்றன. விளம்பரத்தில் 8192 அழுத்த அளவுகள் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். இந்த வேலைக்கு அந்த எண் ஒரு பொருட்டே இல்லை. உங்கள் கணினியின் இயங்குதளத்தில் அது வேலை செய்யுமா என்பதைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடலோரத்து வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உப்புக் காற்று உலோக இணைப்புகளை அரிக்கும். கடலைப் பார்த்த யன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்யலாம், முடிந்ததும் கணினியை மூடி உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள்.

எந்த மென்பொருள் நல்லது?

கிரிட்டா. இலவசம், திறந்த மூல மென்பொருள், ஓவியம் வரைபவர்களுக்காகவே உருவானது, அச்சுக்கான நான்கு நிற முறையையும் (நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு மைகள்) ஏற்கிறது. கிளிப் ஸ்டூடியோ பெயின்ட் சித்திரக்கதைக்கென்றே செய்யப்பட்டது. நல்ல மென்பொருள்தான், ஆனால் விலை உண்டு. போட்டோஷொப் தொழில்முறையாளர்கள் நீண்டகாலமாகப் பயன்படுத்துவது, மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். திருட்டுப் பிரதியைப் போட்டு வைரஸை வாங்கிக்கொள்ள வேண்டிய தேவை பொழுதுபோக்குக்குக் கிடையாது. கீழே சொல்லும் எல்லாவற்றையும் இலவச மென்பொருளிலேயே செய்யலாம்.

காகிதத்தில் உள்ள படத்தை எப்படிக் கணினிக்குள் கொண்டுவருவது?

ஸ்கேனர் கிடைத்தால் 600 டிபிஐ, சாம்பல் நிற முறை. கோடு கூர்மையாக வர வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு. ஜேபெக் கோப்பாகச் சேமிக்க வேண்டாம். கோட்டின் ஓரங்களில் அது அழுக்கைப் படியவிடும். பிஎன்ஜி அல்லது டிஃப் நல்லது. தகவல் நிலையங்களில் ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிக் கேளுங்கள், சொல்லாவிட்டால் பெரும்பாலும் குறைந்த தரத்தில் பிடிஎஃப் ஆகத்தான் கையில் வரும்.

ஸ்கேனர் இல்லையென்றால் வெளிச்சமான விறாந்தையில், நேரடி வெயில் படாத இடத்தில் தாளை விரித்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். பிறகு மென்பொருளில் ‘லெவல்ஸ்’ வழியாகத் தாளின் வெள்ளையை முழு வெள்ளையாகவும் மையை முழுக் கறுப்பாகவும் இழுத்துவிடலாம். கோட்டு லேயரை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து ‘மல்ட்டிப்ளை’ முறைக்கு மாற்றினால் வெள்ளை மறைந்து கோடு மட்டும் நிற்கும். நிறமெல்லாம் அதற்குக் கீழே.

‘ஃபிளாட்’ என்கிறார்களே, அது என்ன? ஏன் அதற்கு இவ்வளவு நேரம் போகிறது?

நிழல், ஒளி எதுவும் இல்லாமல் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே சீரான நிறத்தை நிரப்பிப் பிரித்து வைப்பதுதான் ஃபிளாட். முகம் ஒரு நிறம், முடி ஒரு நிறம், சாரம் ஒரு நிறம், படகு ஒரு நிறம். துறையில் இதற்கென்றே கூலிக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

சலிப்பான வேலை என்று பலர் இதைத் தாண்டிப்போகப் பார்க்கிறார்கள். என் கருத்து நேர் எதிரானது: கற்பவருக்கு மிகவும் பயன் தரும் கட்டம் இதுதான். ஒரு பக்கத்தை ஃபிளாட் செய்து முடிப்பதற்குள் வரைந்தவர் போட்ட ஒவ்வொரு கோடும் எதைக் குறிக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தோளுக்குப் பின்னால் இருப்பது கூந்தலா, சுவரின் நிழலா என்று தீர்மானிக்காமல் அங்கே நிறம் வைக்க முடியாது.

முக்கியமான நுட்பம் ஒன்று உண்டு. பிரஷ்ஷோ, சுற்றி வளைத்துத் தெரிவு செய்யும் லாசோவோ எதைப் பயன்படுத்தினாலும், ஓரங்களை மென்மையாக்கும் ‘ஆன்டி-அலையஸிங்’ வசதியை அணைத்துவிடுங்கள். ஓரங்கள் படிக்கட்டுப் போலத் தெரியும். கவலைப்பட வேண்டாம், மேலே கறுப்புக் கோடு அதை மூடிவிடும். அந்த வசதியை அணைக்காவிட்டால் இரண்டு நிறங்களுக்கு இடையில் இரண்டும் கலந்த மெல்லிய பிக்சல் வரிசை உருவாகும். பிறகு மந்திரக்கோல் கருவியால் சட்டையை மட்டும் தெரிவு செய்ய முயன்றால் ஓரமெல்லாம் விட்டுப்போகும். சுத்தமான ஃபிளாட்டில் ஒரே சொடுக்கில் சட்டை முழுவதும் பிடிபடும், எந்த நேரத்திலும் நிறத்தை மாற்றலாம்.

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் வானம், பிறகு கடல், பிறகு மணல், பிறகு படகு, கடைசியில் ஆட்கள். முன்னால் நிற்பதை நிரப்பும்போது பின்னால் உள்ளதை அது தானாக மூடிக்கொள்ளும், இடைவெளி விழாது. முடிந்ததும் அந்த லேயரைப் பூட்டிவிடுங்கள். ஒளியும் நிழலும் அதற்கு மேலே வேறு லேயர்களில் வர வேண்டும். கிரிட்டாவில் ‘கலரைஸ் மாஸ்க்’ என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கீறல் நிறம் போட்டால் கோடுவரை தானே நிரப்பும். நேரம் மிச்சமாகும். ஆனால் முதல் சில பக்கங்களைக் கையாலேயே செய்யுங்கள்.

நிழலை எங்கே வைப்பது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளியே போய்ப் பாருங்கள். வேறு வழி எனக்குத் தெரியாது.

நம் நகரத்தின் ஒரு பக்கம் கிழக்குக் கடல், மறுபக்கம் உட்துறைமுகம். காலையில் டச்சுக்குடாக் கரையில் நின்றால் சூரியன் கடலுக்கு மேலே எழுந்து முகங்களில் படுக்கையாக விழும். வெளிச்சம் பட்ட பக்கம் மஞ்சளும் செம்மஞ்சளும், நிழல் பக்கம் வானத்திலிருந்து வரும் நீலம். மாலையில் உவர்மலைப் பக்கமிருந்து உட்துறைமுகத்தைப் பார்த்தால் அதே நாடகம் எதிர்த்திசையில் நடக்கும். தண்ணீர் முழுவதும் ஒளிர, மலைகளும் கப்பல்களும் ஒரே இருண்ட வடிவமாக நிற்கும். அந்தக் காட்சிக்கு நிறம் தீட்டுகிறவர் மலையின் மரங்களைத் தனித்தனிப் பச்சையில் காட்டினால் மாலை வராது.

மத்தியான வெயில்தான் பலர் தடுமாறும் இடம். திருகோணமலை வட அகலக்கோடு எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் முடிவை ஒட்டியும் உச்சி வேளையில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கும். நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். புருவத்துக்குக் கீழே கண்குழி இருளும், மூக்கின் நிழல் உதட்டின் மேல் விழும். அதே நேரம் கீழேயுள்ள வெண்மணல் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் தாடையின் அடிப்பக்கம் மெல்ல ஒளிரும். ஐரோப்பிய, அமெரிக்கச் சித்திரக்கதைகளைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லாக் காட்சிக்கும் ஒரு பக்கமாகச் சரிந்த வெயிலைப் போடுகிறார்கள். அவர்களுடைய ஊரில் சூரியன் அப்படித்தான் நிற்கிறது. நிலாவெளிக் கரையின் நண்பகலுக்கு அதைப் போட்டால் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ பொருந்தவில்லை என்று படும்.

நவம்பரிலிருந்து வடகீழ்ப் பருவ மழை வந்துவிட்டால் எல்லாம் மாறும். மேகம் முழு வானத்தையும் விளக்காக்கிவிடும், நிழலின் ஓரமே தெரியாது. அப்போது நிறங்கள் அடங்கி, ஈரத் தார்ச்சாலை வானத்தைப் பிரதிபலிக்கும். நிழல் போடத் தயங்குகிறவர்களுக்கு மழைக்காட்சி நல்ல ஆரம்பம். ஃபிளாட்டின் மேல் மெல்லிய சாம்பல் நீலத்தைப் படியவைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பயிற்சியாகப் பக்கத்திலுள்ள ஒரே படக் கட்டத்தை எடுத்து விடியல், நண்பகல், மழை என்று மூன்று முறை நிறம் தீட்டிப் பாருங்கள். கோட்டை ஒரு புள்ளிகூட மாற்றக்கூடாது.

நம் ஆட்களின் தோல் நிறம் கரி பூசியதைப் போல ஆகிவிடுகிறது. ஏன்?

இரண்டு காரணங்கள். மென்பொருள்களிலும் இணையத்திலும் கிடைக்கும் ‘தோல் நிறத் தட்டுகள்’ பெரும்பாலும் வெளிர் நிறத்தவர்களுக்குச் செய்யப்பட்டவை. அவற்றில் உள்ளதை எடுத்துக் கறுப்பைக் கலந்து இருட்டாக்கினால் உயிர் போய்விடும். இரண்டாவது, நிழலுக்கும் கறுப்பையே பயன்படுத்துவது.

பழுப்புத் தோல் என்பது இருண்ட செம்மஞ்சள். நிறத் தெரிவில் சாயல் (எந்த நிறம்), செறிவு (எவ்வளவு அழுத்தமான நிறம்), ஒளிர்வு (எவ்வளவு வெளிச்சம்) என்ற மூன்று அளவுகள் இருக்கும். சாயல் 20 பாகை, செறிவு 55 சதவீதம், ஒளிர்வு 60 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். நல்ல நடுத்தரப் பழுப்பு கிடைக்கும். நிழலுக்கு ஒளிர்வை 40க்கு இறக்கும்போது சாயலைச் சிவப்புப் பக்கம் 10 பாகைக்கு நகர்த்தி, செறிவைச் சற்று ஏற்றுங்கள். அப்போது தோலுக்கடியில் இரத்தம் ஓடுவது போன்ற வெதுவெதுப்பு வரும். இந்த எண்கள் தொடக்கம் மட்டுமே. ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி நகர்த்த வேண்டும்.

வெளிச்சப் புள்ளிகளில் இன்னும் கவனம் தேவை. கறுத்த தோல் வானத்தை அழகாகப் பிரதிபலிக்கும். கடலில் வலை இழுக்கும் மீனவரின் வியர்த்த தோள்பட்டையைப் பகலில் கவனியுங்கள். ஒளிரும் இடத்தில் தெரிவது வெளிர் நீலம். அந்த நீலத்தை மெல்லிய கீற்றாக வைத்தால் தோள் பளிச்சென்று எழும். உள்ளங்கை, உதடு, கண்ணின் ஓரம், முழங்கை, விரல் மொளி எல்லாம் வேறு வேறு நிறம் என்பதையும் மறக்காதீர்கள். ஒரு குடும்பத்தைத் தீட்டினால்கூட அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே பழுப்பைக் கொடுக்கக்கூடாது.

இதில் எனக்கு உணர்ச்சி கொஞ்சம் அதிகம்தான். நம் பிள்ளைகள் தங்கள் கதையில் வரும் நாயகிக்கு வெளிர் ரோசாத் தோலைக் கொடுப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அவளைக் கறுத்தவளாகத் தீட்டி, அந்தக் கறுப்பை எவ்வளவு ஒளியோடு காட்ட முடியும் என்று பாருங்கள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. முழுப் பக்கமாகப் பார்த்தால் குழப்பம். எங்கே தவறு?

பெரும்பாலும் ஒளிர்வில். பக்கத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். எல்லாமே ஒரே நடுத்தரச் சாம்பலாகத் தெரிந்தால் அதுதான் குழப்பத்தின் வேர். மேலே சாம்பல் லேயர் ஒன்றை ‘கலர்’ முறையில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் அதைத் திறந்து பார்ப்பது சுலபமான வழி. படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பதும் நல்லது. அப்போதும் யார் எங்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டும்.

ஒரு காட்சியை நினைத்துக்கொள்வோம். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதை. ஓரமெல்லாம் கடைகள்: விளையாட்டுப் பொருள், மாலை, அருச்சனைத் தட்டு, நிறநிறமாய் வளையல். நடுவே மான்கள். கூட்டத்துக்குள் ஒரு சிறுமி அண்ணனைத் தேடி ஓடுகிறாள். உண்மையில் அந்தக் கடைகளில் எல்லா நிறமும் இருக்கும். அவற்றை அப்படியே தீட்டினால் சிறுமி காணாமல் போவாள். எனவே கடைகளை எல்லாம் ஒரே வெதுவெதுப்பான மங்கிய பழுப்புக்குள் அமுக்கிவிடுங்கள். வளையல் சிவப்பும் மாலை மஞ்சளும் அந்தப் பழுப்பிலிருந்து கொஞ்சம் விலகினால் போதும். தொலைவில் உள்ள கோபுரத்தை வெளிறவிடுங்கள். சிறுமியின் சட்டைக்கு மட்டும் முழுச் செறிவுள்ள பச்சை. வாசிப்பவரின் கண் நேராக அவளிடம் போகும்.

நிறம் தீட்டுபவரின் வேலை இதுவே: வாசிப்பவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும், அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிப்பது. பளபளக்கும் சருமமும் மின்னும் வாளும் அதற்குப் பிறகு.

பழைய சித்திரக்கதைகளில் நிறம் வேறு மாதிரி இருக்கிறதே?

அச்சு முறை அப்படி. பல பத்தாண்டுகளாக அமெரிக்கச் சித்திரக்கதைகள் மலிவான செய்தித்தாள் காகிதத்தில், நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று மைகளையும் சில குறிப்பிட்ட அடர்த்திகளில் மட்டும் கலந்து அச்சிடப்பட்டன. ஒவ்வொரு மைக்கும் நான்கு படிகள், ஆகவே மொத்தம் 64 நிறங்கள். மென்நிறங்களைச் சிறு புள்ளிகளால் காட்டினார்கள். 1988 இல் ‘அகிரா’ என்ற ஜப்பானியச் சித்திரக்கதையின் ஆங்கிலப் பதிப்புக்கு ஸ்டீவ் ஒலிஃப் கணினியில் நிறம் தீட்டத் தொடங்கியது பெரிய திருப்பமாக அமைந்தது.

தமிழில் 1972 இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் உட்படச் சிவகாசி வெளியீடுகளின் பக்கங்கள் நீண்டகாலம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் வந்தன. அவற்றை வாசித்து வளர்ந்தவர்கள் நிறத்தை மனத்தில் தீட்டிக்கொண்டவர்கள். அந்தப் பழக்கம் நல்ல மூலதனம்.

64 நிற எல்லையை நீங்களும் உங்களுக்கு விதித்துப் பாருங்கள். ஆறே நிறங்களில் ஒரு பக்கத்தை முடிப்பது இன்னும் நல்லது.

திரையில் தெரிந்த கடல் நீலம் அச்சில் செத்துப்போகிறது. அச்சகத்தின் பிழையா?

இல்லை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. நிலாவெளியின் ஆழமற்ற தண்ணீரில் தெரியும் அந்தப் பளிச்சென்ற பச்சை நீலம் நான்கு மைகளால் எட்ட முடியாத எல்லைக்குள் விழுகிறது. அச்சிடப் போகிறீர்கள் என்றால் தொடக்கத்திலேயே அச்சு நிற முறையில் முன்னோட்டம் பாருங்கள். தண்ணீரைப் பளிச்சென்று காட்ட அதன் நீலத்தை ஏற்றிப் பயனில்லை. அருகிலுள்ள மணலையும் பாறையையும் வெதுவெதுப்பான மங்கலான நிறத்துக்குக் கொண்டுபோங்கள். பக்கத்தில் உள்ளது அடங்கும்போது நீலம் தானாக எழும். கறுப்புக் கோடு கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு மையிலும் இருந்தால் அச்சு இம்மியளவு விலகினாலும் எழுத்தும் கோடும் கலங்கும்.

திரையை எப்படி வைத்துக்கொள்வது?

இரவு நேர மஞ்சள் வெளிச்ச வசதியை வேலையின்போது அணைத்துவிடுங்கள். அது எல்லா நிறத்தையும் பொய்யாக்கும். யன்னல் வெயில் திரையில் விழக்கூடாது. முடித்த படத்தை இன்னொருவரின் கைத்தொலைபேசியிலும் திறந்து பாருங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை தூரத்தில் எதையாவது பார்த்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் நிறம் தீட்டிவிடுகிறதே, பிறகு எதற்குக் கற்க வேண்டும்?

பொழுதுபோக்கின் இன்பமே செய்வதில் இருக்கிறது என்பது ஒரு பதில். இன்னொன்று, கதையில் அந்தச் சிறுமி ஏன் பச்சைச் சட்டை போட்டிருக்கிறாள் என்பதை அந்தக் கருவியிடம் கேட்டுப் பயனில்லை. உங்களிடம் கேட்டால் பதில் இருக்கும்.

எவ்வளவு காலத்தில் கைவரும்?

நாள் கணக்குச் சொல்ல விருப்பமில்லை. தனித்தனி அட்டைப்படங்களாகத் தீட்டிக்கொண்டிருப்பதைவிட நான்கு பக்கக் குறுங்கதை ஒன்றை முழுமையாக முடிப்பது வேகமாகக் கற்பிக்கும். பக்கம் மாறினாலும் அதே ஆளின் சட்டை அதே நிறத்தில் இருக்க வேண்டும், காலையில் தொடங்கிய காட்சி மதியத்தை நோக்கி நகர வேண்டும். இந்த ஒழுங்கை அட்டைப்படம் கேட்பதில்லை.

வேறொருவர் வரைந்த கோட்டுப்படத்துக்கு நிறம் தீட்டி வெளியிடலாமா?

வீட்டில் பயிற்சிக்குத் தீட்டுவது வேறு, வெளியிடுவது வேறு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு படைப்பின் உரிமை படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்து 70 ஆண்டுகள் வரையும் நீடிக்கிறது. நிறம் தீட்டியதால் படம் உங்களுடையது ஆகிவிடாது. வரைந்தவரிடம் எழுதிக் கேளுங்கள்: எந்தப் படம், எங்கே வெளியிடப் போகிறீர்கள், பணம் பெறுவீர்களா என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். அனுமதி கிடைத்தால் படத்தின் கீழே ‘கோட்டோவியம்’ என்று அவர் பெயரையும் ‘நிறம்’ என்று உங்கள் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். பதில் வராவிட்டால் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரையத் தெரிந்த வகுப்புத் தோழரோ மச்சாளோ உங்களுக்கு இருப்பார். அவரிடம் ஒரு பக்கம் கேட்டு வாங்கி, நிறம் தீட்டித் திருப்பிக் கொடுங்கள்.